எட்டு எண்ணிக்கைக்குச் சத்தமில்லை

திண்டிவனத்தில் ரயில் ஏறி விழுப்புரத்தில் இறங்கும்வரை அவள் வாய் மூடி நான் பார்த்ததில்லை. மயிலம் வருவதற்குள் வீட்டுக் கதை முடிந்துவிடும். விக்கிரவாண்டிக்குள் தெருக் கதையும் முடியும். முண்டியம்பாக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிற சனம் இறங்கும்போது யாருக்கு என்ன உடம்புக்கு என்று விசாரித்து, எல்லாம் சரியாகிவிடும் என்று வழியனுப்பியும் வைப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்குக் காது வலிக்கும். அப்படிப்பட்ட வாயாடி, பாட்டு பண்ண உட்கார்ந்தால் மட்டும் சரியான கஞ்சப் பிசினாறி.

பாட்டு பண்ணுவது என்றால் பாடுவது இல்லை. அவளுக்குப் பாட வராது. மூடி உடைந்துபோய் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்த ஒரு பழைய லேப்டாப்பில் சத்தங்களை அடுக்கி, வெட்டி, நீட்டி, எலக்ட்ரானிக் இசை பண்ணுவாள். டி.ஜே. மேடையில் போட்டால் நெஞ்சுக்குள் வந்து இடிக்குமே, அந்த வகை. நாங்கள் இரண்டு பேரும் விழுப்புரத்தில் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. நான் கல்லூரி நடனக் குழுவில் ஆடினேன். எங்கள் வீடு பெருமுக்கல் பக்கம், கேப்பையும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். அவள் திண்டிவனத்துக்காரி. அப்பா மல்லாட்டை உடைக்கிற மில்லில் மிஷின் ஓட்டினார். எங்கள் குழுவுக்கு சினிமாப் பாட்டுகளை வெட்டி ஒட்டிக் கொடுக்கத்தான் முதலில் வந்தாள். இரண்டே வாரத்தில் அது போரடிக்கிறது என்று சொல்லிவிட்டுத் தானே பண்ணிக்கொண்டு வர ஆரம்பித்தாள்.

திரையில் ஒவ்வொரு சத்தமும் ஒரு கலர்ப் பட்டையாக ஓடும். ஒன்றன்கீழ் ஒன்றாக முப்பது, நாற்பது பட்டை இருக்கும். எல்லாவற்றையும் அவளேதான் பாடுபட்டு அடுக்கியிருப்பாள். பிறகு எங்களைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக மியூட் பண்ணுவாள். அப்போது திரையைப் பார்க்கமாட்டாள். எங்கள் மூஞ்சியைத்தான் பார்ப்பாள்.

"இது போனா எவளுக்காவது தெரிஞ்சுதா?"

நாங்கள் திருதிருவென்று விழித்தால் அந்தப் பட்டை காலி. கண்ணெதிரேயே அழித்துவிடுவாள். அதற்காக அவள் ஒரு வாரம் கண் வீங்க உட்கார்ந்திருந்தாலும் சரி, அழிக்கும்போது ஒரு பெருமூச்சுகூட வராது. எங்களுக்குத்தான் வயிறு எரியும். நாற்பதில் ஆரம்பித்து ஒன்பதிலோ பத்திலோ வந்து நிற்பாள். கேட்டுப் பார்த்தால் முதலில் இருந்ததைவிடப் பெரிதாக இருக்கும். அது எப்படி என்று இன்றைக்கும் எனக்கு முழுசாகப் புரியவில்லை.

ஒருமுறை ரயிலில் அவளுடைய ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டிவிட்டுப் பாடம் எடுத்தாள். நெஞ்சில் இடிக்கிற அடி ஒன்று, அதற்குப் பெயர் கிக். அடியில் உருளுகிற கனத்த சுரம் ஒன்று, அது பேஸ். இரண்டுமே தாழ்ந்த குரல்காரர்கள். இரண்டும் ஒரே சமயத்தில் பேசினால் களி கிண்டின மாதிரி ஆகிவிடும், அவன் இடிக்கும்போது இவன் ஒரு அடி ஒதுங்கி நிற்கவேண்டும் என்றாள். ஒதுங்காமல் ஒருமுறை போட்டுக் காட்டினாள். மூட்டையை இழுப்பது போல் இருந்தது. பிறகு ஒவ்வொரு இடிக்கும் பேஸ் தானாக அடங்கி எழும்படி வைத்துப் போட்டாள். பாட்டு மூச்சுவிட ஆரம்பித்தது. புதிதாக எதையும் சேர்க்கவில்லை என்று சத்தியம் பண்ணினாள். எனக்கு நம்பிக்கை வராமல் இரண்டு முறை திரையை எட்டிப் பார்த்தேன்.

இந்தப் புத்தி பாட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவள் மல்லாட்டைச் சட்னியை நக்கிப் பார்த்துவிட்டு, புளியை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று என் அம்மாவிடமே சொன்னாள். நடன உடையில் ஜிமிக்கியும் நெற்றிச்சுட்டியும் பாதி வளையலும் அவளால் போயின. அழகு போய்விடும் என்று சண்டை போட்டோம். பத்தாவது வரிசையிலிருந்து பார்க்கிறவனுக்கு உன் காது இருப்பதே தெரியாது என்றாள். என் அம்மா மட்டும் ஒரு நாள் சரியாகக் கேட்டாள்.

"எல்லாத்தையும் கொறைக்குதே இந்தப் பொண்ணு, அந்த வாயக் கொஞ்சம் கொறைக்கக் கூடாதா?"

எங்கள் ஊர்ப்பக்கத்துப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாகவேண்டும். ஓடிக்கொண்டிருக்கிற சத்தம் சட்டென்று நின்றால், சத்தம் வந்த திசையை யாரும் பார்ப்பதில்லை. அண்ணாந்து ஃபேனைப் பார்ப்போம். சுற்றினால் கரண்ட் இருக்கிறது, சுற்றவில்லை என்றால் போய்விட்டது. கல்யாண மண்டபமானாலும் ஆஸ்பத்திரியானாலும் இதுதான். தாலி கட்டுகிற நேரத்தில் மேளம் நின்றாலும் மாப்பிள்ளை முதலில் ஃபேனைத்தான் பார்ப்பான்.

அவள் கீபோர்டு கற்றது அவர்கள் தெரு மாதா கோயிலில். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவள்தான் வாசிப்பாள். ஒரு வாரம் இரண்டாவது சரணம் ஆரம்பித்ததும் கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். சனங்களின் குரல் மட்டும் தனியாகக் கேட்கட்டும் என்று அவள் எண்ணம். மொத்தக் கோயிலும் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தது. ஆனால் யாரும் பாட்டை நிறுத்தவில்லை. அப்படியே மேலே பார்த்தபடி பாடினார்கள். அவ்வளவு பக்தியாக வானத்தைப் பார்த்து அவர்கள் அதற்கு முன்னால் பாடியதே இல்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பாடகர் குழுவுக்குப் பொறுப்பானவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளைக்கு வேறொருவர் வாசித்தார்.

மூன்றாம் ஆண்டில் புதுச்சேரியில் ஒரு கல்லூரி, சுற்றுவட்டார நடனக் குழுக்களுக்குப் போட்டி வைத்தது. சினிமாப் பாட்டு கூடாது, சொந்த இசைதான் வேண்டும் என்று விதி. மற்ற கல்லூரிகள் தலையில் கை வைத்தன. நாங்கள் அவளைத் திரும்பிப் பார்த்தோம். நடனக் குழுவுக்குப் பொறுப்பான மேடம் பிரின்சிபாலிடம் மன்றாடி வேனுக்கும் அனுமதி வாங்கிவிட்டார்கள். எங்கள் கல்லூரி அந்த மாதிரிப் போட்டிக்குப் போனதே கிடையாது.

அந்தப் பாட்டுக்காக அவள் ஊரையே அள்ளிக்கொண்டு வந்தாள். முறத்தில் மல்லாட்டைத் தொலி புடைக்கிற சத்தம், ரயில்வே கேட் இறங்குகிற சத்தம், எங்கள் நிலத்து மோட்டார் தண்ணீரை முதல் தடவை துப்புகிற சத்தம். எல்லாம் போனில் பிடித்தது. கேட் சத்தத்தை மெதுவாக ஓடவிட்டால் கோயில் மணி மாதிரி ஆனது. தொலி சத்தத்தின் கனத்தை வடித்துவிட்டால் மேலே சலசலவென்று தாளம் போட்டது. எல்லாவற்றையும்விட அழகு, அவள் அப்பா ஓட்டுகிற மிஷினின் சத்தம்தான். கடகடவென்று சுற்றி நடுவில் ஒரு தாளம் தப்பி மறுபடி பிடித்துக்கொள்ளும். அதைப் பதிவு பண்ண மில்லுக்குப் போனபோது அவள் அப்பா கூட வேலை செய்கிறவர்களையெல்லாம் பேசாமல் நிற்கச் சொல்லிவிட்டு, மிஷின் பக்கத்தில் தானும் விறைப்பாக நின்றாராம். அதற்கப்புறம் திண்டிவனத்தில் அவருக்குத் தெரிந்த எல்லோருக்கும் அந்தச் செய்தி போய்விட்டது.

பாட்டின் கடைசிப் பகுதிக்குச் சற்று முன்னால் அவள் ஒரு வேலை செய்திருந்தாள். சத்தமெல்லாம் ஏறி ஏறி உச்சிக்குப் போய், இதோ வரப்போகிறது என்கிற இடத்தில் மொத்தத்தையும் எடுத்துவிட்டாள். எட்டு எண்ணுகிற நேரத்துக்கு ஒன்றுமே கிடையாது. நாங்கள் ஏழு பேரும் அந்த எட்டுக்கும் சத்தமில்லாமல் ஆடவேண்டும். பிறகு இடி விழும். ஒத்திகையில் எங்களுக்குப் புல்லரித்தது.

போட்டிக்கு முன்னால் கல்லூரி ஆண்டு விழாவில் ஒருமுறை ஆடிப் பார்ப்பது என்று முடிவானது. கலையரங்கம் நிறைந்திருந்தது. அவள் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மில்லிலிருந்து இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த எட்டு வந்தது. சத்தம் நின்றது. அத்தனை தலையும் ஒரே நேரத்தில் அண்ணாந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கரண்ட் இருக்கிறது, அப்படியானால் கோளாறு மைக் செட்டில் என்று அத்தனை தலையும் மைக் செட் அண்ணன் பக்கம் திரும்பியது. பாவம், அந்த மனுஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தன் போனிலிருந்து ஒரு குத்துப் பாட்டைச் சொருகிவிட்டார்.

நாங்கள் ஆறு எண்ணியிருந்தோம். குத்துப் பாட்டு தலையில் வந்து விழுந்தது. இரண்டு பேர் அதற்கே ஆட ஆரம்பித்தார்கள். மூன்று பேர் அப்படியே நின்றார்கள். நானும் இன்னொருத்தியும் எங்கள் ஆட்டத்தையே ஆடி ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டோம். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் மைக் செட்டை நோக்கி ஓடியதை மேடையிலிருந்து பார்த்தேன். அண்ணன் அவளைப் பார்த்து, மானத்தைக் காப்பாற்றிவிட்டேன், கவலைப்படாதே பாப்பா என்றாராம். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். அவரைத் திட்ட முடியவில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

வெளியே வேப்ப மரத்தடியில் அவள் அப்பா நின்றிருந்தார். கூட வந்த இரண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். சிரிப்பைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"நம்ம மிஷினு எங்க பாப்பா? நானும் கேட்டுக்கினே இருந்தேன், வரவே இல்லயே."

முந்தின நாள்தான் அதை எடுத்திருந்தாள். எங்களிடமும் சொல்லவில்லை. அவள் கொஞ்சமும் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"எடுத்துட்டேம்ப்பா. ரொம்ப அழகா இருந்துச்சு. அது வந்தா எல்லாரும் அதையே கேக்குறாங்க, ஆட்டத்தப் பாக்க மாட்றாங்க."

அவர் தலையாட்டினார். சரி, ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நடந்தார். எனக்கு வந்ததே கோபம். உனக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா, அந்தச் சத்தத்தை ஒரு ஓரமாக விட்டுவைத்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கத்தினேன். அவள் கண் நிறைந்திருந்தது. ஆனாலும் குரல் இறங்கவில்லை.

"அப்பான்றதுக்காக வெச்சா அது துருத்திக்கினு நிக்கும்டி. கேக்குறவனுக்கு அவர் என் அப்பான்னு தெரியுமா?"

அன்றைக்கு அவளைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. இப்படி ஒருத்தி, நாளைக்கு நான் தேவையில்லை என்று பட்டால் என்னையும் இப்படித்தானே எடுத்துவிடுவாள் என்று தோன்றியது. அவளிடமே கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீ போனால் ரயிலில் நான் யாரிடம் பேசுவது என்றாள். பதில் பிடிக்கவில்லை, ஆனால் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் மேடம் கூப்பிட்டுவிட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் கிடையாது. எங்களுக்காக அலைந்தவர்கள், எல்லோர் முன்னாலும் சிரிப்பாய்ச் சிரித்ததில் அவர்களுக்கும்தான் தலைகுனிவு. அந்த ஓட்டையை அடைத்துவிடு என்றார்கள். ஒரு விசில், டுர்ர் என்று ஏறுகிற ஒரு சத்தம், எல்லோரும் வைக்கிறார்களே அது மாதிரி ஏதாவது போடு, அல்லது போட்டியே வேண்டாம். குழுவிலும் பாதிப் பேர் அதே கட்சி. இன்னொரு முறை மேடையில் அசிங்கப்பட யாரும் தயாராக இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளுக்குள் நானும் அடைத்துவிடேன் என்றுதான் நினைத்தேன்.

அவள் அடைக்கமாட்டேன் என்றாள். அந்த எட்டு இல்லாவிட்டால் பின்னால் வருவது இடி இல்லை, வெறும் சத்தம் என்றாள். மேடம் கத்தினார்கள், இவள் குரலை உயர்த்தாமல் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் மேடமே களைத்துப்போய் ஒரு வழி சொன்னார்கள். அடுத்த வாரம் பிரின்சிபால் முன்னால் ஒத்திகை. அதில் ஒரே ஒரு தலை ஃபேனைப் பார்த்து அண்ணாந்தாலும் ஓட்டையை அடைத்துவிட வேண்டும், மறுபேச்சு கூடாது.

அந்த வாரம் முழுக்க ரயிலில் இதே பேச்சுதான். ஊரில் கரண்ட் எப்படிப் போகிறது என்று அவள் ஆராய்ச்சியே பண்ணினாள். அவர்கள் வீட்டில் டி.வி. ஓடும்போது கரண்ட் போனது, உடனே எனக்குப் போன்.

"கரண்ட்டு போனா சத்தம் ஒரே வெட்டா நிக்குதுடி. கோயில் மணி அப்பிடியா நிக்குது? அது பொறுமையா நடந்து போயி வாசல்ல நின்னு திரும்பிப் பாத்துட்டுத்தான் போவுது. நான் வெட்டிட்டேன். அதான் எல்லாம் ஃபேனப் பாத்தானுங்க."

அடுத்த நாள் ஆளில்லாத கலையரங்கத்துக்கு எங்கள் ஏழு பேரையும் இழுத்துப் போனாள். சேர்ந்தாற்போல் ஒரே ஒரு முறை கை தட்டச் சொன்னாள். மீதி இருந்த வளையலையும் கழற்றவைத்தாள். திரும்பத் திரும்பத் தட்டி உள்ளங்கை சிவந்துபோனது. எங்களுக்குத் தட்டல் முக்கியமாகப் பட்டது. அவளுக்கு வேண்டியிருந்தது அதன் வால். காலி அரங்கின் சுவரில் பட்டு, பின்வரிசைக்குப் போய்த் தேய்ந்து அடங்குகிற அந்த மிச்சச் சத்தம். அதைப் போனில் பிடித்து எட்டு ஆரம்பிக்கிற இடத்தில் வைத்தாள். இப்போது பாட்டு அறுந்த மாதிரி இல்லை, யாரோ வேண்டுமென்றே நிறுத்திவிட்டுப் போன மாதிரி இருந்தது.

அது மட்டும் போதாது என்று அவளுக்கே தெரிந்தது. முன்பின் தெரியாத ஒருவனை இருட்டுக்குள் தள்ளினால் பயப்படத்தான் செய்வான், முதலில் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கவேண்டும் என்றாள். பாட்டின் ஆரம்பத்திலேயே ஒரு இமைப்பு நேரம் எல்லாவற்றையும் நிறுத்தினாள். யாரும் கவனிக்க மாட்டார்கள். கொஞ்சம் போனதும் ஒரு எண்ணிக்கை, பிறகு இரண்டு, பிறகு நான்கு. ஒவ்வொரு முறை நிறுத்திய பிறகும் புதிதாக ஒரு நல்ல சத்தம் வந்து சேரும்படி வைத்தாள். நின்றால் அடுத்து நல்லது வரும் என்று காதுக்குத் தெரிந்துவிட்டால், எட்டு வரும்போது யாரும் பதற மாட்டார்கள், காத்திருப்பார்கள் என்பது அவள் கணக்கு. ஜல்தியாகப் பண்ணுகிற வேலை இல்லை அது. பாட்டு மொத்தத்தையும் பிரித்துப்போட்டுத் திரும்பக் கட்டினாள்.

கேன்டீனில் ஃபேனுக்குக் கீழே ஸ்பீக்கரை வைத்துச் சோதனை நடந்தது. இரண்டு மூன்று தலை அண்ணாந்தது. நான்கு எண்ணும் இடத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள். ரயிலில் போட்டாள். எதிரில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா எட்டு வரும்போது ஃபேனைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்து, ஏம்மா நிறுத்திட்டே, போடு என்றார். அவள் எழுந்து அந்த அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பாட்டு நின்றுபோகவில்லை, நீ நிறுத்தினாய் என்று முதன்முதலாக ஒருவர் சொல்லிவிட்டாரே. அந்த அம்மா பேஜாராகப் பார்த்துவிட்டுப் பூக்கூடையைப் பக்கத்தில் இழுத்துவைத்துக்கொண்டார்.

ஒத்திகை நாளில் அவள் மேடை விளிம்பில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எல்லாத் தலைகளையும் கண்காணித்தாள். பிரின்சிபால், இரண்டு துறைத் தலைவர்கள், அலுவலக ஊழியர்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்த பெண்கள். எட்டு வந்தது. கைதட்டலின் வால் தேய்ந்தது. ஒருவரும் அசையவில்லை. ஒரே ஒரு தலை மட்டும் மேலே போனது. மேடமுடையது. பதற்றம் தாங்காமல் அவர்கள் தாங்களே ஃபேனைப் பார்த்துவிட்டார்கள்.

இடி விழுந்து ஆட்டம் முடிந்ததும் அவள் மேடத்தையே பார்த்தாள். மேடம் தன்னைக் கணக்கில் சேர்க்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர்களே சிரித்துவிட்டார்கள். எட்டு தப்பித்தது.

அவளை நான் பார்த்து வருஷம் சில ஆகிறது. இப்போது சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் விளம்பரங்களுக்கும் செல்போன் விளையாட்டுகளுக்கும் சத்தம் பண்ணுகிறாள். எப்போதாவது போன் பண்ணினால் காது சூடாகும்வரை வைக்கமாட்டாள். அவள் வேலை செய்த விளம்பரம் டி.வி.யில் வந்தால் எனக்குத் தெரிந்துவிடும். மற்ற விளம்பரமெல்லாம் கத்திக்கொண்டிருக்கும்போது ஒன்று மட்டும் கொஞ்சம் இடம் விட்டு நிற்கும். பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்பேன். என் வீட்டுக்காரருக்கு அதில் என்ன இருக்கிறது என்று புரியாது.

புதுச்சேரிக்குப் போன அன்று வேனில் பாட்டும் கூத்துமாகப் போனோம். அவள் அப்பாவும் முன் சீட்டில் வந்தார். அரங்கத்துக்குள் நுழைந்ததும் அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஃபேனே இல்லடி."

முழுக்க ஏ.சி. அரங்கம். மேலே வெறும் கூரைதான். யாருடைய தலை எங்கே போகிறது என்று பார்த்துத்தான் இத்தனை நாள் பாட்டைச் சரிபண்ணியிருந்தாள். இங்கே பாட்டு பிடித்ததா, அறுந்ததா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? போதாததற்கு அங்கே கூட்டம் வேறு மாதிரி. பையன்கள் ஒவ்வொரு குழுவையும் ஊளையிட்டே விரட்டினார்கள். எங்களுக்கு முன்னால் ஆடிய குழுவுக்கு நடுவில் ஒரு நொடி பாட்டு திக்கியது, அவ்வளவுதான், விசிலும் கத்தலும் அவர்களை எழுந்திருக்கவே விடவில்லை. எங்களில் ஒருத்திக்கு அழுகையே வந்துவிட்டது. மேடம், பாட்டு பண்ணியவள் பக்கத்தில் வந்து, நான்காகவாவது குறைத்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார்கள். அதட்டவில்லை, கெஞ்சினார்கள். லேப்டாப் அவள் மடியில்தான் இருந்தது. குறைப்பது ஒரு நிமிஷ வேலை.

அவள் எங்கள் ஏழு பேரையும் ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். என்னிடம் வந்ததும், நான் எட்டு என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவள் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தாள். ஒலி பார்த்துக்கொள்கிறவரிடம் போய், என்ன நடந்தாலும் கை வைக்காதீர்கள் அண்ணா என்று சொல்லிவிட்டு, மேடைக்குக் கீழே நடுவில் கூட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டாள்.

முதல் இமைப்பு யாருக்கும் தெரியவில்லை. ஒரு எண்ணிக்கை நின்றபோது இரண்டொருவர் ஊளையிட்டார்கள், புதுச் சத்தம் வந்து அவர்கள் வாயை அடைத்தது. இரண்டுக்கு ஊளை குறைந்தது. நான்குக்குக் கூட்டம் தானாகவே அடுத்த அடிக்குக் காத்திருந்து, அது வந்ததும் கத்தியது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் அவர்களைப் பிடித்துவிட்டாள்.

எட்டு வந்தது. எங்கள் கைதட்டல் அந்த அரங்கின் பின்சுவர்வரை போய் அடங்கியது. அதற்கப்புறம் எங்கள் கால்கள் மட்டும். ஏழு பேரின் பதினான்கு பாதமும் பலகையில் விழுகிற சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம். இத்தனை வருஷம் ஆடியும் என் காலடி எனக்குக் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டது. காலையிலிருந்து ஊளையிட்ட பையன்கள் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எங்கள் பாதத்தையே பார்த்தார்கள். நடுவில் அவள் கை இரண்டையும் கட்டிக்கொண்டு நின்றாள். எட்டாவது எண்ணிக்கையில் மொத்தக் கூட்டமும் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. இடி விழுந்தது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நான் ஆடிக்கொண்டே அழுதேன், வெட்கமே படவில்லை.

இரண்டாம் பரிசு கிடைத்தது. மேடத்தையும் எங்கள் ஏழு பேரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். நடுவர்களில் ஒருவர் சென்னையில் பெரிய டான்ஸ் மாஸ்டர், மைக்கை வாங்கி இந்த இசையைப் பண்ணியது யார் என்று மேடத்திடம் கேட்டார். மேடத்துக்கு அந்தச் சந்தோஷத்தில் வாய் குழறியது. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பண்ணியது சார் என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, மேடையில் எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள்.

"இல்லீங்க. அது நான் பண்ணது."

கீழேயிருந்து வந்தது குரல். மைக் இல்லாமலேயே பின்வரிசைவரை கேட்டிருக்கும். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவள் யாரும் கூப்பிடாமலே படியேறி வந்து எங்கள் பக்கத்தில் நின்றாள். மாஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த இடைவெளி கொஞ்சம் அதிகமோ, நான்கு போதாதா என்று கேட்டார். மேடம் அவள் முழங்கையைத் தொட்டார்கள். அவ்வளவு பெரிய ஆளிடம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் வேலை முடிந்தது.

"நாலு வெச்சா பயந்துக்கினு வெச்ச மாதிரி இருக்கும் சார். எட்டுதான் சரி."

மாஸ்டர் சிரித்துவிட்டு, என் கையில் கொடுக்க எடுத்த கேடயத்தை அவள் கையில் கொடுத்தார். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி அவளுக்கு நடுவில் இடம் விட்டார்கள். கீழே அவள் அப்பா எழுந்து நின்று, தலைக்கு மேலே கையைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு யாரிடமாவது சொல்லியாகவேண்டும் போலிருந்தது. பக்கத்தில் முதல் பரிசு வாங்கின கல்லூரிப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். இவள் என்னோடு படிக்கிறவள், திண்டிவனத்திலிருந்து தினம் என்னோடுதான் ரயிலில் வருகிறாள் என்று அவளிடம் சொன்னேன். அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.